மஃரிபிலிருந்து இஷா வரை போனை ஓரமாக வையுங்கள்



"சேர், பிள்ளைக்குப் படிப்பில கவனமே இல்ல. நீங்களாவது சொல்லுங்க." பெற்றோர் கூட்டங்களில் அதிகம் கேட்கும் முறைப்பாடு இதுதான். இதைப் பற்றி ஊரவர்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

வகுப்பில் பிள்ளையின் கையில் போன் இல்லை. ஆனாலும் கவனம் இல்லை. ஏனென்றால் அது முதல் நாள் இரவு வீட்டிலேயே போய்விடுகிறது. 13 முதல் 18 வயது வரை 8 தொடக்கம் 10 மணித்தியாலம் நித்திரை வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். நம் பிள்ளைகள் பலர் நள்ளிரவு தாண்டும் வரை ஷோர்ட்ஸ் பார்த்துவிட்டு, காலைச் சாப்பாடும் இல்லாமல் 7.30க்கு வந்து உட்காருகிறார்கள். பத்து மணிக்குக் கணிதம் எப்படி மண்டையில் ஏறும்?

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது போன்தான் கரும்பலகை. பாடசாலை திறந்தது, போன் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. ஒருமுறை கவனம் கலைந்தால் பாடத்துக்குத் திரும்ப 20 நிமிடம் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோவின் 2023 கல்வி அறிக்கை சொல்கிறது. ஒரு பாடவேளையில் அது பெரிய பங்கு!

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கவனிக்கவே தெரியாது" என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். வகுப்பில் பத்து நிமிடம் இருக்க முடியாத பிள்ளை, வாப்பாவோடு களப்புக்குப் போனால் வலையிலிருந்து கண்ணெடுக்காமல் மணிக்கணக்கில் இருக்கிறான். நம் மத்ரஸாக்களில் சின்ன வயதிலேயே 30 ஜுஸ்உகளையும் மனனம் செய்கிறார்கள். அங்கே ஒரு நேரம், ஒரு இடம், ஒரு வேலை, பக்கத்தில் ஒரு பெரியவர். போன் இல்லை. கவனம் பழக்கத்தால் வருவது.

அதனால் ஒரேயொரு வேண்டுகோள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. அந்த நேரம்:

1. வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் வேறு அறையில் இருக்கட்டும். உம்மா, வாப்பாவின் போனும்தான்.

2. டீவி வேண்டாம். பிள்ளை ஒரு பாடத்தை மட்டும் எடுத்து, அன்று படித்ததைக் கொப்பியைப் பார்க்காமல் எழுதிப் பார்க்கட்டும். எழுத வராத இடத்தைக் குறித்துவைத்து மறுநாள் ஆசிரியரிடம் கேட்கட்டும்.

3. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருங்கள். படிப்பிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

4. இரவு பத்து மணிக்கு முன் நித்திரை.

"டியூஷன் நோட்ஸ் வட்ஸ்அப்பில்தானே வருகிறது?" என்பீர்கள். இஷாவுக்குப் பிறகு உங்கள் முன்னால் பார்த்து எழுதட்டும். வாப்பா கட்டாரிலோ சவூதியிலோ இருந்தால், அவருடைய அழைப்பையும் இஷாவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அவர் வெயிலில் நின்று உழைப்பது இந்தப் பிள்ளை படிக்கத்தானே.

ஆசிரியர்களுக்கும் பங்குண்டு. பாடவேளை முழுவதும் நாமே பேசிக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளையும் தூங்கும். இடையில் நிறுத்திக் கேள்வி கேட்போம், எழுத வைப்போம்.

முதல் வாரம் வீட்டில் சண்டை வரும். விட்டுக்கொடுக்காதீர்கள். சாதாரண தரத்தில் கணிதம் தவறி, உயர்தரம் படிக்க முடியாமல் நிற்கும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். அவர்களில் பலர் புத்தி குறைந்தவர்கள் அல்லர்.

தொழுகைக்கு நின்றால் ஐந்து நேரமும் போனை அணைக்கத் தெரிந்த சமூகம் நாம். பிள்ளையின் படிப்புக்காகவும் ஒரு மணித்தியாலம் அணைக்கலாம். இன்று மஃரிபிலிருந்தே தொடங்குங்கள், இன்ஷா அல்லாஹ்.