லேகியம் கையில், இன்சுலின் பெட்டியில்!

பிரயாணம் என்றால் நம் வீடுகளில் முதலில் தயாராவது முறுக்கும் தட்டையும்தான். மருந்து ஞாபகத்துக்கு வருவது வாசலில் டாக்சி வந்து நிற்கும்போது! நானும் அந்த ரகம்தான் சகோதரிகளே, 2019 வரைக்கும்.

அந்த வருஷம் துபாயில் என் நாத்தனாருக்குப் பிரசவ நேரம். மாமியார் கிளம்பினார். வயது 66, 12 வருஷமாகச் சர்க்கரை, காலையும் இரவும் இன்சுலின். பெட்டி கட்டியது நான். பிரசவ லேகியம் பாட்டில் உடைந்து புடவையெல்லாம் நெய்யாகிவிட்டால்? அதைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன். இன்சுலினும் ஊசியும் மாத்திரையும் 'பத்திரமாக' இருக்கட்டும் என்று பெரிய பெட்டியின் நடுவில். மாத்திரை அட்டைகளைக் கத்தரித்து, விபூதிப் பொட்டலம் மாதிரி மடித்து, 'காலை', 'இரவு' என்று எழுதியது வேறு. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சென்னை விமான நிலையத்துச் சோதனையிலேயே லேகியம் போயிற்று. கெட்டியாக இருந்தாலும் அவர்கள் கணக்கில் அது திரவம். வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் கூடாது. ஊறுகாய், நெய்க்கும் இதே கதிதான். துபாயில் இறங்கினால் பெட்டி வரவில்லை! "நாளைக்கு வரும்" என்றார்களாம்.

இரவு நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, அம்மாவோட இன்சுலின் எங்க வச்சீங்க?"

"பெரிய பெட்டியில..." என்று சொல்லும்போதே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"டாக்டர் சீட்டு?"

அதுவும் பெட்டியில்தான். நிறைமாதக்காரி அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். சர்க்கரை 342. எந்த இன்சுலின், எத்தனை யூனிட் என்று டாக்டர் கேட்க, அத்தைக்குச் சொல்லத் தெரிந்தது "வெள்ளையா, கலங்கலா இருக்கும்" என்பது மட்டும். நல்ல வேளை, காலி அட்டைப்பெட்டி ஒன்று எங்கள் பிரிஜ் மேல் கிடந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பினேன். ஊசி போட்டு முடித்தார்கள் என்று தெரியும்வரை நான் உட்காரவில்லை.

மறுநாள் பெட்டி வந்தது. அதிலிருந்த இன்சுலினை டாக்டர் தொடக்கூட வேண்டாம் என்றுவிட்டார். 35,000 அடி உயரத்தில் வெளியே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே குளிர். பெட்டிகள் இருக்கும் இடம் அவ்வளவு மோசமில்லை என்றாலும் சில சமயம் உறையும் அளவுக்குப் போகலாம். உறைந்த இன்சுலின் திரும்ப உருகினாலும் பலன் தராது; கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

இப்போது எங்கள் வீட்டில் மருந்தென்றால் கைப்பை. பெட்டி தாமதமானாலும் சமாளிக்கிற மாதிரி சில நாளுக்குக் கூடுதலாகவே. பயணத்துக்குத் தேவையான மருந்துக்கு அந்த 100 மில்லிக் கணக்கு இல்லை; தனியாக எடுத்துக் காட்டினால் போதும். ஊசி இருந்தால் டாக்டர் கடிதம் கட்டாயம் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயரில், கம்பெனிப் பெயரோடு மருந்தின் சொந்தப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்கிறார்கள். கடையில் போய் விழிக்கக் கூடாதல்லவா? அட்டையைக் கத்தரிக்கவே கத்தரிக்காதீர்கள். பெயரும் காலாவதித் தேதியும் துண்டோடு போய்விடும்.

இன்சுலினை ஐஸ் கட்டியோடு ஒட்டி வைப்பதும் தப்பு, அதுவும் உறைந்துவிடும். விமானத்துக்குள் கைப்பையில் சும்மா இருந்தாலே கெடாது. போய்ச் சேர்ந்ததும் பிரிக்காததைப் பிரிஜ்ஜில் வைத்தால் சரி, ஆனால் ஃப்ரீசரில் அல்ல. அமெரிக்கா மாதிரி தூர தேசமென்றால் நம் ராத்திரி அங்கே பகல். ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்புமுன் டாக்டரிடமே கேளுங்கள்.

கைக்குழந்தையோடு போகிறவர்கள் ஜுர மருந்தையும் அளவு மூடியையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே இருக்கும் பையைத் துழாவுவது என்ன அவஸ்தை என்று எனக்குத் தெரியும்!

வளைகுடா போகிறவர்களுக்கு இன்னொன்று. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை இவற்றை ஐக்கிய அரபு நாட்டுக்குள் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் வம்பு. நாம் குருமாவில் அரைக்கும் கசகசாவுக்கோ அங்கே தடையே உண்டு. தூக்கம் வர பாலில் கலக்கலாம் என்று அத்தை ஒரு பொட்டலம் எடுத்து வைத்திருந்தார். "மருந்துக்குத்தானேம்மா, கொஞ்சூண்டு!" என்றவரிடமிருந்து நான் பிடுங்கி வைத்தேன். அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

லேகியத்தை மறுபடி கிளறினேன். அடுத்த மாதம் என் கணவர் குழந்தையைப் பார்க்கப் போனபோது, இரண்டு பாலிதீன் பை சுற்றி, பெரிய பெட்டியில் போயிற்று.