வண்டி ஓடுவது காற்றிலே!



"வண்டி எதுல ஓடுது?" என்று நம் வகுப்பில் கேட்டால் ஒருவன் டீசல் என்பான், இன்னொருவன் இன்ஜின் என்பான். நானும் அப்படிச் சொன்னவன்தான். வண்டி ஓடுவது காற்றிலே என்று எனக்குப் பாடம் எடுத்தவர் என் தாய்மாமன். அந்தப் பாடத்துக்கு அவர் கட்டிய ஃபீஸ், முறிந்துபோன இடது கை!

மாமா மந்தைவெளியில் ஒரு பந்தல் கடைக்குப் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமத்துக் கல்யாணம். பந்தலைப் பிரித்து ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது ஈர மண்ணில் சக்கரம் புதைந்துவிட்டது. நாலு டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். வண்டி ஏறி வந்துவிட்டது. மணி இரவு பதினொன்று. காற்றடிக்கக் கடை இல்லை. அப்படியே திருச்சி நெடுஞ்சாலையில் ஏறி எண்பதில் வந்திருக்கிறார். அரை மணி நேரத்தில் முன் வலது டயர் வெடித்து வண்டி நடுச்சுவரில் மோதியது. உயிர் பிழைத்தது பெரிய காரியம்.

முதலாளி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "டிரைவர் தூங்கிட்டான்." இரண்டு மாதச் சம்பளமும் போச்சு.

வெடித்த டயரை நான் போய்ப் பார்த்தேன். பக்கச்சுவர் கத்தியால் அறுத்தது போலச் சுற்றிலும் கிழிந்திருந்தது. உள்ளே கையை விட்டால் அரைத்த மிளகு போல ரப்பர் தூள். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரியும். அதில் சூடு ஏறும். சூட்டில் ரப்பரும் உள்ளிருக்கும் இழையும் பிரியும். பிறகு வெடிக்கும். அந்தத் தூள்தான் சாட்சி. மாமா தூங்கவில்லை!

"இன்னாடா மாப்ள, மூணு வருஷமா காலேஜ் போறியே, இத்த முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று மாமா கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இன்ஜினுக்குப் பதினாறு மார்க் கேள்வி எழுதுகிறோம். டயருக்கு இரண்டு மார்க்!

கணக்கு ரொம்ப எளிது. ஒரு சக்கரத்தின் மேல் 800 கிலோ பாரம், காற்று 50 பி.எஸ்.ஐ. என்று வையுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோ. ஆக டயர் சாலையைத் தொடுவது சுமார் 230 சதுர சென்டிமீட்டர். நாம் விரித்த கை அளவு! காற்றைப் பாதியாக்கினால் அந்த இடம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதனால்தான் வண்டி மண்ணில் புதையாமல் ஏறியது. மாமா செய்த வித்தை சரி. தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்றடிக்காததுதான் தப்பு.

டயரின் பக்கச்சுவர் ஒரு ஜாதகம். படிக்கத் தெரிந்தால் போதும். 215/75 ஆர் 15 என்றிருந்தால் அகலம் 215 மில்லிமீட்டர், பக்க உயரம் அகலத்தில் 75 சதவீதம், ஆர் என்றால் ரேடியல், ரிம் 15 அங்குலம். பக்கத்தில் 104 என்றிருந்தால் அந்த டயர் தாங்குவது 900 கிலோ. பின்னால் இரண்டு டயர், 1800 கிலோ. வண்டியின் சொந்த எடையில் பின் அச்சுக்கு வரும் பங்கும் அதில் அடக்கம். மயிலிறகுதானே என்று அளவுக்கு மீறி ஏற்றினாலும் அச்சு முறியும் என்று, நம் மயிலாப்பூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் வள்ளுவர் அன்றே எச்சரித்தார். இரும்புக் குழாயை ஏற்றுகிறவர்கள் கேட்கிறார்களா?

கடைசி நாலு எண் பிறந்த தேதி. 3816 என்றால் 2016-ஆம் ஆண்டின் 38-ஆவது வாரம். பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் கிழடாகும். ஐந்து வருடம் தாண்டினால் வருடாவருடம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

அடுத்தது பட்டன். நீளவாக்கில் கோடு போட்ட ரிப் டயர் நெடுஞ்சாலைக்கு நல்லது. நேராகப் போகும், மழைத் தண்ணீரை வெளியே தள்ளும். குறுக்கே கட்டை கட்டையாக இருக்கும் லக் டயர் சேற்றைக் கவ்வும். ஆனால் தார் ரோட்டில் வேகமாக ஓட்டினால் சத்தம், சூடு, கோணல் தேய்மானம். நடுவில் இருப்பது செமி லக்.

தி. நகரில் யானைக்கால் மாதிரி லக் டயர் போட்டு ஜம்பமாக நிற்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். எந்தச் சேற்றுக்கு? "மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்ட லஸ், அடையாறு ரோடு எல்லாம் சேறுதானே!" என்று என் நண்பன் கேலி செய்கிறான். கேலி நியாயம்தான். ஆனாலும் பத்தில் ஒன்பது பங்கு தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு முன்னால் ரிப், பின்னால் செமி லக் போதும் என்பது என் கருத்து. மீதி ஒரு பங்குக்குக் காற்றும் நிதானமும் கை கொடுக்கும். ரீட்ரெட் டயரை முன் சக்கரத்தில் போடவே கூடாது. பள்ளத்தில் இருக்கும் 1.6 மில்லிமீட்டர் அடையாளக் கட்டை பட்டனோடு சமமாகிவிட்டால் அது மொட்டை டயர். மாற்றியே தீர வேண்டும்.

"ஏம்பா, காசு யாரு குடுப்பா?" என்று கேட்கலாம். புது டயர் விலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் காற்று பார்க்கும் ஒரு கேஜும் ஒரு கால் பம்பும் வண்டியில் இருந்திருந்தால் என் மாமா கை முறிந்திருக்காது. அதை வாங்கித் தராத முதலாளி டிரைவரைத் தூங்கினவன் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

1946-இல் திருவொற்றியூரில் மாம்மென் மாப்பிள்ளை ஒரு சின்னக் கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கினார். 1961-இல் அதே நிறுவனம் டயர் செய்தது. அதுதான் எம்.ஆர்.எஃப். பலூனில் தொடங்கி டயர் செய்த ஊர் இது. இந்த ஊர் டிப்ளமோ மாணவனுக்கு டயர் படிக்கத் தெரியாது என்றால் வெட்கம் இல்லையா?

நம் யூனியனுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருடம் ஆட்டத்துக்கும் பாட்டத்துக்கும் ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து இரண்டு காற்று கேஜ், ஒரு பட்டன் ஆழமானி வாங்குவோம். மாதம் ஒரு ஞாயிறு, விடிகாலையில், டயர் சூடாகும் முன்னே, மந்தைவெளியிலும் அடையாறிலும் குட்டி யானைகளும் பிக்கப்புகளும் நிற்கும் இடத்துக்குப் போய் இலவசமாகப் பார்த்துச் சொல்வோம். முதல் வண்டிக்கு நான் வருகிறேன். கை சரியாகிவிட்டது, மாமாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். காற்று இல்லாத டயர் ஓடும், நண்பர்களே! அதுதான் ஆபத்து.