திருந்த வேண்டியவர் யார்?



அமெரிக்காவின் ஹால்மார்க் சேனல் 2009 முதல் கிறிஸ்துமஸை ஒட்டி வரிசையாக ஒளிபரப்பும் படங்கள் பலவற்றுக்கும் கதை ஒன்றே. பெருநகரத்தில் வேலையே கதியென்று கிடக்கும் பெண், காதில் போனோடு சொந்த ஊருக்கு வருகிறாள். பனி, பேக்கரி, பழைய காதலன். கடைசியில் பதவி உயர்வை உதறிவிட்டு அங்கேயே தங்கிவிடுகிறாள். குடும்பமா வேலையா என்ற சிக்கலை அவளது மனக்கோணலாக மட்டும் காட்டுவதுதான் கோளாறு. தனியார் ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும் என்று அந்நாட்டில் பொதுவான கூட்டாட்சிச் சட்டம் கிடையாது, கிறிஸ்துமஸுக்கும் சேர்த்துத்தான். 1993-இல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல். 1843-இல் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் திருந்துவது முதலாளி ஸ்க்ரூஜ். குமாஸ்தாவுக்குச் சம்பளம் கூடுகிறது. இப்படங்களிலோ ஊழியர்தான் திருந்தியாக வேண்டும்.

பண்டிகை நாளில் மனம் இளகப் பார்க்கும் படத்துக்குச் சட்டப் புத்தகம் எதற்கு என்பார்கள். இளகட்டுமே. ஸ்க்ரூஜ் கதையும் இளக வைத்ததுதான், சம்பளக் கணக்கை மறைக்காமலே. அமெரிக்காவில் பலருக்கும் மருத்துவக் காப்பீடு வேலையோடு ஒட்டியது. வேலையை விட்டவள் அதற்கு என்ன செய்வாள் என்று இப்படங்களில் எந்தப் பாட்டியும் கேட்பதில்லை.