வசூலுக்குப் போன கர்னல்

மார்ச் மாசம் வந்தாலே எங்கள் பாங்க்கில் மேனேஜருக்குச் சாமி வந்துவிடும். போன மார்ச்சில் ஒரு லிஸ்ட்டை என் கையில் திணித்து, ‘‘நெல்கட்டும்செவல் பக்கம் நாலு டிராக்டர் லோன் நிக்குது. வெறுங்கையோட வராதீங்க’’ என்றார்.

வெறுங்கையோடுதான் சங்கரன்கோவிலுக்குத் திரும்பினேன். வயிறு மட்டும் மோரால் நிறைந்திருந்தது.

டீக்கடையில் ரிட்டயர்டு வாத்தியார் அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். ‘‘அந்த ஊருக்கா வசூலுக்குப் போனீரு? கர்னல் ஹெரானுக்கே பைசா பெயரலவே!’’

1755-ல் நடந்த கதை. ஆற்காடு நவாப் முகமது அலியிடம் பட்டம் இருந்தது, பணம் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஏகப்பட்ட கடன். மதுரை, திருநெல்வேலிச் சீமையில் வரி வசூல் பண்ணி அடைக்கலாம் என்று ஹெரானோடு தன் அண்ணன் மாபூஸ்கானையும் அனுப்பினார். (எனக்கு அட்டெண்டரைக்கூட அனுப்பவில்லை.) பூலித்தேவரிடம் கேட்டது 20,000 ரூபாய். அவர் ஒரு ரூபாய்கூடத் தர முடியாது என்றுவிட்டார். ஹெரானிடம் பெரிய பீரங்கி இல்லை. படைக்குச் சாப்பாடும் தட்டுப்பாடு. மண்கோட்டையைப் பார்த்துவிட்டு மதுரைக்கு நடையைக் கட்டினார். அப்புறம் விசாரணை வைத்து, லஞ்சம் வாங்கினார் என்று அவர் வேலையே போய்விட்டது.

‘‘அது பெருசில்ல தம்பி. மாபூஸ்கான் என்ன ஆனாம் தெரியுமா? பாளையக்காரங்களை அடக்க வந்தவன் பூலித்தேவரோடயே சேர்ந்துட்டான்!’’

நவாபின் சொந்த அண்ணன்! சம்பளப் பாக்கிக்காக அவனுடைய குதிரைப்படையே மதுரைக் கோட்டையைப் பிடித்துக்கொண்டு, 1757-ல் கம்பெனி கைக்காசைக் கொடுத்துத்தான் மீட்டது. வசூலுக்கு வந்த இடத்தில் செலவு!

கடைசியில் யூசுப்கான் வந்தார். கமல் படம் ஆரம்பித்தாரே, அந்த மருதநாயகம். 1761-ல் நெல்கட்டும்செவலைப் பிடித்தவர் அவர்தான். சரி, சர்க்கார் ஜெயித்தது என்று பார்த்தால், இரண்டே வருஷத்தில் அவரும் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்துக் கிளம்பிவிட்டார். 1764-ல் மதுரையில் தூக்கில் போட்டார்கள்.

பூலித்தேவர்? பிடித்துக்கொண்டு போகும்போது எங்கள் ஊர்க் கோவிலில் சாமி கும்பிட உள்ளே போனவர், அப்படியே மறைந்துவிட்டார் என்பது ஊர்ப்பேச்சு. கோவிலுக்குள் அவர் பெயரில் ஓர் அறையே இருக்கிறது. எங்கள் லிஸ்ட்டிலும் இரண்டு பேர் அப்படி மறைந்தவர்கள்தான். திருப்பூரில் இருப்பதாகத் தகவல்.

அண்ணாச்சியிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மோர் கொடுத்த பெரியவர் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். அடியில் ஈரம்கூட இல்லை. மோட்டாரைக் கழற்றி மேலே போட்டிருந்தார். டிராக்டர் சீட்டில் கோழி அடை காத்தது. ‘‘ஓட்டிட்டுப் போறதுன்னா போங்க தம்பி. குஞ்சு பொரிக்கட்டும், நாலு நாள் பொறுங்க’’ என்றார். கெஞ்சவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள், ‘தவணையை ஒரு வருஷம் நீட்டிக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

‘‘நீங்க எந்தப் பக்கம் சார்?’’

தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தேன். டீக்கடையில் அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி: ‘‘வாரும் மாபூஸ்கான்! டீயா, காபியா?’’