திரும்பி வரும் மின்னஞ்சலும் எதிர்ப்பதிவும்

கல்லூரியோ ஆய்வு நிலையமோ தனக்கெனச் சொந்தமாக அஞ்சல் சர்வர் ஒன்றை அமைத்துக்கொள்ளும்போது, அனுப்பும் மின்னஞ்சல்கள் சில இடங்களில் ஏற்கப்படுவதும், வேறு சில இடங்களில் மறுக்கப்பட்டுத் திரும்புவதும் உண்டு. முகவரியில் பிழையிராது, கடிதத்திலும் குற்றமிராது. எனினும் மாணவரின் விண்ணப்பமும் மழையளவு அறிக்கையும் உரிய நாளில் போய்ச் சேர்வதில்லை. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் எளிதில் கவனத்திற்கு வராதது எதிர்ப்பதிவின் குறையாகும்.

டி.என்.எஸ். என்னும் பெயர் ஏற்பாடு 1983-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. பெயரைக் கொண்டு ஐ.பி. எண்ணைக் கூறுவது அதன் முதற்பணி. எண்ணைக் கொண்டு பெயரைக் கூறுவது மறுபணி. மறுபணிக்குரிய பதிவு பி.டி.ஆர். எனப்படும். 192.0.2.25 என்னும் எண்ணுக்குரிய பெயரை அறிய, அதன் உறுப்புகளைத் தலைகீழாக அடுக்கி, 25.2.0.192.இன்-ஆடர்.ஆர்பா என்று தேடுதல் வேண்டும். கடிதத்தைப் பெறும் சர்வர் இவ்வாறு பெயரை அறிந்தபின், அப்பெயர் மீண்டும் அதே எண்ணைத் தருகின்றதா என்றும் பார்க்கலாம். பொருந்தாவிடில் கடிதத்தை மறுத்துவிடக்கூடும். ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் இப்பொருத்தத்தை எல்லா அனுப்புநருக்கும் விதியாக்கியுள்ளது.

குழப்பம் பிறப்பது இங்குதான். பெயரைப் பதிவு செய்தவர் பெயரின் பதிவுகளை மாற்றலாம். எண்ணின் எதிர்ப்பதிவு பெரும்பாலும் அவர் கையில் இல்லை. அது எண்தொகுதியைப் பெற்றுள்ள இணையச் சேவை நிறுவனத்தின் கையில் உள்ளது. இதனை அறியாதார் பெயர் விற்றவரிடம் முறையிட்டு நாட்களை வீணாக்குகின்றனர்.

எதிர்ப்பதிவு நேர்மைக்குச் சான்றாகாது. வீண் அஞ்சல் அனுப்புவோரும் அதனைப் பெறக்கூடும் என்பர். உண்மையே. ஆயினும் அது இல்லாமையால் துன்புறுவோர் நல்லோரே அன்றோ? ஆதலின் அஞ்சல் சர்வருக்கு நிலையான எண்ணை வழங்கும் நிறுவனம், கேட்கும் வரை காத்திராது, வழங்கும் நாளிலேயே எதிர்ப்பதிவையும் செய்து தருதல் கடமையாதல் வேண்டும். எண்ணைப் பெறும் அலுவலகமும் ஒப்பந்தத்திலேயே இதனைக் கேட்டுப் பெறுதல் நன்று.

அதுவரை, களப்பணியாளரும் ஆசிரியரும் திரும்பி வந்த அறிவிப்பை அழித்துவிடலாகாது. அதில் 5.7.25 என்னும் குறி காணப்படின், எதிர்ப்பதிவுச் சோதனை தவறியது என்பது பொருள். அதே கடிதத்தை மீண்டும் மீண்டும் அனுப்புவதால் பயனில்லை. அறிவிப்பை முழுமையாக சர்வர் பொறுப்பாளரிடம் சேர்ப்பித்தலே பரிகாரத்தின் முதற்படியாகும்.