பறந்து வந்த தலமரம்

ஜப்பானின் கியூஷு தீவில், ஃபுகுவோகா நகரை அடுத்துள்ளது தசாய்ஃபு தென்மாங்கு என்னும் திருத்தலம். ஷிண்டோ நெறியைச் சேர்ந்த இக்கோயிலில் தெய்வமாக வணங்கப்படுபவர், செய்யாத குற்றத்துக்காகத் தண்டனை அனுபவித்த ஒரு மனிதர். சுகவாரா நோ மிச்சிசானே என்பது அவர் பெயர்.

கியோட்டோ அரசவையில் பெரும்புலவராகவும் அமைச்சராகவும் விளங்கிய அவர்மீது பகைவர் வீண்பழி சுமத்தினர். 901ஆம் ஆண்டில் அவர் தசாய்ஃபுவுக்கு அனுப்பப்பட்டார். பெயருக்கு ஒரு பதவி, உண்மையில் நாடுகடத்தலே. புறப்படும்போது, தம் வீட்டுத் தோட்டத்தில் பேணி வளர்த்த 'உமே' என்னும் பிளம் மரத்திடம் கவி பாடி விடைபெற்றாராம். பிரிவு பொறாத அம்மரம் ஒரே இரவில் பறந்து வந்து அவர் இருப்பிடத்தில் வேரூன்றியது என்கிறது தலவரலாறு. உற்றார் பலர் விலகிய காலத்தில் ஒரு மரம் உடன் வந்தது! மூலக்கோயிலின் வலப்புறம் அதனை இன்றும் தரிசிக்கலாம். வளாகத்திலுள்ள ஏறத்தாழ 6,000 உமே மரங்களுள் முதலில் வெண்மலர் சூடுவது இதுவே என்பர்.

903இல், பழி நீங்காமலே அவர் மறைந்தார். உடலைச் சுமந்து சென்ற வண்டியின் எருது ஓரிடத்தில் படுத்து, எழ மறுத்தது. அங்கேயே அடக்கம் செய்தனர். அதன்மேல் எழுந்ததே இக்கோயில். இறப்பைத் தீட்டென விலக்கும் ஷிண்டோ மரபில் இது அரிது. அதிஷ்டானங்களை அறிந்த நம் நாட்டு அன்பர்க்கோ வியப்பிராது. படுத்த நிலையிலுள்ள எருதின் சிலையைத் தேர்வெழுதும் மாணவர்கள் தடவித் தடவி, அதன் தலை பளபளக்கிறது.

பின்னர்த் தலைநகரில் இடர்கள் தொடர்ந்தன. 930இல் அரண்மனைமீது இடி விழுந்தது. இத்தகைய இடர்களுக்கு அஞ்சியே அரசவை அவருடைய மதிப்பை மீட்டளித்தது. காலப்போக்கில் அவர் கல்விக் கடவுளானார்.

குளத்தின்மேல் அமைந்த மூன்று செந்நிறப் பாலங்கள் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் எனப்படும். முதற்பாலத்தில் திரும்பிப் பார்த்தலாகாது என்பது ஐதிகம். வளைந்த பாலங்களும் உள்ளதால் முதியோர் மெல்ல நடத்தல் நலம். அப்பால் கை, வாய் தூய்மை செய்து, சந்நிதியில் இருமுறை வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குவர். 1591இல் கட்டப்பெற்ற மூலக்கோயிலுக்கு 2023 மே மாதம் திருப்பணி தொடங்கியபோது, பாலாலயம் போன்றே முன்புறம் தற்காலிகக் கோயில் அமைத்தனர். அதன் கூரைமீதும் மரங்களே!

திரும்பும் வழியில் கடைதோறும் உமே மலர் முத்திரையிட்ட அரிசிமாவுப் பண்டம் சுடச்சுடக் கிடைக்கும். உள்ளே இனிப்புப் பயற்றுப் பூரணம். பசித்திருந்த மிச்சிசானேக்கு ஒரு மூதாட்டி உமே மரக்கிளையில் வைத்து நீட்டிய உணவு அது என்பர்.