உயரம் ஏறும் உழைப்பு

குளச்சலிலிருந்து உள்நாட்டுப் பக்கம் செல்வோரின் கண்ணில் முதலில் படுவன தென்னையும் பனையும். அடுத்துத் தேவாலயக் கோபுரங்கள், மின்கம்பங்கள், கைப்பேசிக் கோபுரங்கள். இவற்றின் உச்சிக்கு யாரேனும் ஒருவர் ஏறியே தீரவேண்டியுள்ளது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது குமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் அவற்றை நிமிர்த்திய பிறகே ஊர்களுக்கு வெளிச்சம் திரும்பியது.

ஏறுவோருள் பழையவர் பனையேறியே. முதிர்ந்த பனை நூறடியைத் தொடுவதும் உண்டு. பதநீர்ப் பருவத்தில் அவர் காலையும் மாலையும் ஏறிப் பாளையைச் சீவுகிறார். தளைநாரும் முருக்குத்தடியும் ஏறுவதற்கு உதவுமே தவிர, கை நழுவினால் தாங்கிப் பிடிக்கா. அவர்தம் திறமையை வியந்து பாராட்டுவதில் நாம் குறை வைப்பதில்லை; பாராட்டுக்குச் செலவில்லை அல்லவா!

தென்னைக்கு ஓரளவு விடிவு பிறந்தது. கேரளத்தின் கண்ணூர்ப் பகுதியைச் சேர்ந்த செம்பேரி ஜோசப் வடிவமைத்த ஏறுகருவி, காலால் மிதித்து மேலேறும் எளிய பொறி. தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய ‘தென்னையின் நண்பர்கள்’ பயிற்சியில் பெண்களும் அதைக் கற்றனர்.

கட்டடத்துக்கும் கம்பத்துக்கும் வேறு பொறிகள் உள்ளன. ஆளைக் கூண்டில் நிறுத்தி நீண்ட கையால் உயர்த்தும் தூக்கி ஒன்று. கத்தரிபோல் விரிந்து மேடையை நேராக உயர்த்துவது மற்றொன்று. பொருள்களை ஏற்றவோ, மடக்கினால் ஒரு மீட்டர் அகலமும் இராத சிறு கிரேன்கள் வந்துவிட்டன. குறுகிய சந்துகள் மலிந்த கடலோர ஊர்களுக்கு இவை ஏற்றவை. எனினும் கிரேனின் கொக்கியில் ஆளைத் தொங்கவிடுதல் ஆகாது. தாங்குகால்களுக்கு அடியில் பலகையிடாவிட்டால் மணல் தரையில் அவை புதையும். கூண்டில் நிற்பவரும் பாதுகாப்புக் கச்சை அணிந்தே ஆகவேண்டும்.

பொறி வந்தால் பிழைப்புப் போகும் என்போர் உளர். அவ்வச்சத்தைப் புறந்தள்ள இயலாது. ஆனால் ஏறுவோரின் பிள்ளைகள் பலர் அத்தொழிலை முன்னரே விட்டு விலகிவிட்டனர். அவர்களை விரட்டியது பொறியன்று, விழுந்துவிடுவோம் என்னும் அச்சமே.

உண்மையான தடை கணக்கில் இருக்கிறது. தூக்கியின் வாடகையை ஒப்பந்தக்காரர் கொடுக்கவேண்டும். சவுக்குக் கம்பால் சாரம் கட்டினால் செலவு குறைவு; சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் வரும் இழப்பையோ பெரும்பாலும் அவர் குடும்பமே சுமக்கிறது. இந்தக் கணக்கு மாறாதவரை மலிவானது சாரமே என்று தோன்றும். கட்டடத் தொழிலாளர்க்கென 1996இல் இயற்றப்பட்ட நடுவண் சட்டமும் பத்துப் பேருக்குக் குறையாத பணியிடங்களையே தன் எல்லையாகக் கொண்டது. இரண்டே பேர் ஏறி வண்ணம் பூசும் வீட்டுச் சுவர் அதற்குள் வரவில்லை. விழுவதற்கு ஒருவரே போதும் என்பதைச் சட்டம் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எல்லா உயரத்துக்கும் பொறி எட்டாது என்பதும் மெய். கடற்பாறைமேல் நிற்கும் 133 அடித் திருவள்ளுவர் சிலையைப் பராமரிக்கச் சாரமே கைகொடுக்கிறது. பனந்தோப்புக்குள் வண்டி நுழையாது. அங்கே பனையேறிக்குத் தேவை, மரத்தோடு பிணைத்துத் தாங்கும் கச்சையும் காப்பீடும்.

மற்ற பணிகளுக்குப் பல ஊர்கள் சேர்ந்து ஒரு தூக்கியை வைத்துக்கொள்ளலாம். நெல் அறுவடைப் பொறியை உழவர்கள் வாடகைக்கு எடுப்பதுபோல், கூட்டுறவுச் சங்கம் வழியாக வண்ணம் பூசுவோரும் கோயில், தேவாலயப் பணியாளரும் அதை முறைவைத்துப் பெறலாம். இயக்குபவரின் பயிற்சிக்கும் ஆண்டு ஆய்வுக்கும் ஆகும் தொகையை அவ்வாடகையிலேயே சேர்த்துவிடவேண்டும்.